பள்ளிக் கால்பந்து மைதானம்: செயற்கைத் தரையா, அருகம்புல்லா?

உறையூர்க்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருச்சிக்கு அருகே நான் படித்த அரசு உதவிபெறும் பள்ளியின் மைதானத்தைச் சீரமைத்துக் கொடுப்பதாக முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து நிர்வாகத்திடம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். 90 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்ட அந்த இடம் இப்போது வெறும் மண்தரை. சித்திரையில் பந்தை ஓங்கி உதைத்தால் எழும் புழுதியில் பந்தும் தெரியாது, ஆளும் தெரியாது. ஐப்பசியிலோ கோல் கம்பத்துக்கு முன்னால் தவளை கத்தும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவ மாணவியர் காலை 6 மணி முதல் 8 மணி வரையிலும், மாலை 4.15 முதல் 6.30 வரையிலும் அங்கே பயிற்சி செய்கிறார்கள்.

எங்களுக்குள் இப்போது இரண்டு கட்சி. வெளிநாட்டில் இருக்கும் நண்பர் ஒருவர், செயற்கைப் புல்தரை என்றால் செலவில் பெரும்பகுதியைத் தானே ஏற்பதாகச் சொல்கிறார். புல் வளர்த்தால் இரண்டே வருடத்தில் மறுபடியும் கட்டாந்தரையாகிவிடும், பள்ளியில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏது என்பது அவருடைய வாதம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. மற்றவர்களுக்கு இயற்கைப் புல்தான் வேண்டும். ஆனால், ஏன் என்று கேட்டால், பிளாஸ்டிக் கெடுதல் என்பதற்கு மேல் அவர்களால் ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை.

வெயில், தண்ணீர், ஆயுள், பிள்ளைகளின் கால்கள் ஆகிய நான்கையும் பற்றி அனுபவமோ படிப்போ உள்ளவர்கள் சொன்னால், வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் வெறும் கையோடு போய் உட்கார வேண்டியிருக்காது.

விசில் எழுதியது:

ஐயா, நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் பூட்ஸ் போட்டு ஆடுகிறார்கள்? என் காலத்தில் குறுவட்டப் போட்டிக்குப் போகும் பதினாறு பேருக்கு மட்டும் பூட்ஸ் ஏற்பாடு செய்வோம். மீதிப் பேர் வெறுங்காலோடுதான் ஓடுவார்கள், சிலர் ஒரு காலில் கிழிந்த கேன்வாஸ் ஷூவும் மறு காலில் துணிக்கட்டுமாக ஓடுவார்கள். உங்கள் பள்ளியிலும் அப்படித்தான் என்றால், வெயிலைப் பற்றிய கேள்வி மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கும்.

புல் என்பது உயிருள்ள பொருள். வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியாக ஆவியாக்கித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது. செயற்கைத் தரையில் அந்த வேலையைச் செய்ய எதுவும் இல்லை. நெகிழி இழைகளுக்கு இடையே கொட்டியிருக்கும் கறுப்பு ரப்பர் மணிகள் காலையிலிருந்து வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்தார் 2002-ல் தங்கள் மைதானத்திலேயே இதை அளந்து பார்த்தார்கள். சுமார் 79 பாகை செல்சியஸில் கொதித்துக்கொண்டிருந்த தரையின்மேல் தண்ணீர் தெளித்தபோது வெப்பம் 29 பாகைக்கு இறங்கியது. பலன் கிடைத்துவிட்டது என்று நினைப்பதற்குள், ஐந்தாவது நிமிடத்தில் 49, இருபதாவது நிமிடத்தில் 73. தண்ணீர் தெளித்து ஆடலாம் என்று விற்பனையாளர் சொன்னால் இந்த மூன்று எண்களையும் அவரிடம் காட்டுங்கள். அந்த ஊர் திருச்சியை விட வெப்பம் குறைந்த ஊர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் காலைப் பயிற்சிக்கு இதனால் தொல்லை இல்லை. தொல்லையெல்லாம் மாலை 4.15-க்குத்தான். பங்குனி முதல் ஆவணி வரை அந்த நேரத்தில் தரை ஆறியிருக்காது. வெறுங்காலோடு நிற்கும் ஆறாம் வகுப்புப் பையன் 'சுடுது சார்' என்று சொல்ல மாட்டான். அணியை விட்டு எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பான்.

அடுத்தது தோல். புல்லில் சறுக்கி விழுந்தால் முழங்காலில் பச்சைக்கறை ஒட்டும். செயற்கைத் தரையில் விழுந்தால் தோல் உரியும். 2015-ல் கனடாவில் நடந்த மகளிர் உலகக் கோப்பைப் போட்டிகள் அனைத்தும் செயற்கைத் தரையில் நடத்தப்பட்டன. பிரேசிலின் மார்ட்டா, அமெரிக்காவின் ஆபி வாம்பாக் உள்ளிட்ட வீராங்கனைகள் அதற்கு முந்தைய ஆண்டே ஒன்டாரியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போய், ஆண்களுக்குப் புல், எங்களுக்கு மட்டும் பிளாஸ்டிக்கா என்று முறையிட்டதும், பிறகு அந்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும் கால்பந்து பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும். கணுக்கால், முழங்கால் காயங்களைப் பொறுத்தவரை அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. பாதத்திலும் கணுக்காலிலும் செயற்கைத் தரையில் காயம் கூடுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். முழங்கால் விஷயத்தில் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அவற்றில் பல, வளர்ந்தவர்களையும் தொழில்முறை ஆட்டக்காரர்களையும் வைத்துச் செய்தவை என்பதால், அதைப் பெரிய ஆயுதமாக எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

கோவை டர்ஃப் எழுதியது:

விசில் ஐயா சொன்னதில் நான் மறுக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா? கோயம்புத்தூரில் ஐவர் கால்பந்துக்கான செயற்கைத் தரை ஒன்றை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவன் நான்.

செயற்கைத் தரையின் பலம் ஒன்றே ஒன்றுதான்: அதற்கு ஓய்வு தேவையில்லை. நல்ல புல்தரையில் வாரத்துக்கு இருபது, இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் ஆடினால் புல் தேய்ந்து மண் தெரியும். பயன்பாடு அதிகமுள்ள மைதானங்களுக்கென ஃபிஃபா வைத்திருக்கும் 'குவாலிட்டி' தரச்சான்று பெற்ற செயற்கைத் தரையோ வாரத்துக்கு 40 முதல் 60 மணி நேர ஆட்டத்தைத் தாங்குவதற்காகவே செய்யப்படுவது. கார்த்திகை மாதத்தில் இரவு முழுக்க மழை பெய்தாலும் காலையில் என் தரையில் ஆடலாம். மழை மிகுந்த ஷில்லாங்கிலும் அய்சாலிலும் கால்பந்துக்குச் செயற்கைத் தரை போட்டதற்குக் காரணம் இருக்கிறது. மிசோரம் பிள்ளைகள் இன்றைக்கு இந்தியக் கால்பந்தில் இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, அந்தத் தரை கெடுதல் மட்டுமே செய்தது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் நண்பர் நினைப்பதுபோல அது ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் அன்று. வாரந்தோறும் இழைகளை எதிர்த்திசையில் தூரிகையால் வாரி நிமிர்த்த வேண்டும். பந்து உதைபடும் இடங்களிலும் கோல் முன்பும் ரப்பர் மணி ஒதுங்கிப் பள்ளமாகும், அதை நிரப்ப வேண்டும். வேப்பிலைச் சருகு விழுந்து மட்கினால் நீர் இறங்கும் துளைகள் அடைபடும். மூலைகளில் பாசி பிடிக்கும். இத்தனையும் செய்தால் எட்டு முதல் பத்து ஆண்டு உழைக்கும். அதற்குப் பிறகு மேல்தரையைச் சுருட்டி எடுத்துவிட்டுப் புதிதாக விரிக்க வேண்டும். இன்று பணம் தரும் நண்பர் பத்தாண்டு கழித்தும் தருவாரா என்பதை அவரிடமே கேளுங்கள். பழைய தரையை யார் எடுத்துக்கொண்டு போவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் அது பள்ளியின் சுற்றுச்சுவர் ஓரமாகவே பல காலம் கிடக்கும்.

என் தொழில் ரகசியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை என் தரையை இலவசமாகக் கொடுத்தாலும் வருவதற்கு ஆள் இல்லை. என் வருமானம் முழுவதும் இருட்டிய பிறகு, விளக்கு வெளிச்சத்தில், அலுவலகம் முடிந்து வருகிறவர்களிடமிருந்துதான். உங்கள் பள்ளிக்கு இரவு ஆட்டம் கிடையாது. ஆக, செயற்கைத் தரை எந்த நேரத்துக்கு மிகவும் பொருந்துமோ அந்த நேரத்தில் உங்கள் மைதானத்தைப் பூட்டித்தான் வைத்திருப்பீர்கள். செலவை ஈடுகட்ட வெளியாருக்கு இரவு வாடகைக்கு விடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்த வழியில் போன இடங்களில், கொஞ்ச நாளில் மாலை ஆறு மணிக்கே பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு வாடகைக்காரருக்குக் கதவைத் திறப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பனிக்காலத்து அம்மா எழுதியது:

வணக்கம். நான் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். என் இரண்டு குழந்தைகளும் இங்கே கால்பந்து ஆடுகிறார்கள். எங்கள் ஊரில் இந்த வாக்குவாதம் நடக்காத நகரசபைக் கூட்டமே இல்லை. வெளிநாட்டு நண்பர் அங்கே பார்த்ததை வைத்துப் பேசுகிறார் என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

இங்கே செயற்கைத் தரை பரவியதற்குக் காரணம் குளிர். நவம்பர் முதல் மார்ச் வரை புல் வளராது. பனி உருகும்போது மைதானம் சேறாகிவிடும், வசந்தகாலப் போட்டிகள் அப்போதுதான் தொடங்கும். அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லவே இல்லை. இந்த ஊருக்கான மருந்தை வாங்கி, வராத நோய்க்குக் கொடுப்பானேன்?

இங்கேயே கூட இப்போது காற்று மாறி அடிக்கிறது. பாஸ்டன் நகரப் பூங்காக்களில் இனிப் புதிதாகச் செயற்கைத் தரை போடுவதில்லை என்று 2022-ல் மேயர் மிஷெல் வூ முடிவெடுத்தார். எளிதில் சிதையாத பிஃபாஸ் எனப்படும் வேதிப்பொருள்கள் தரையிலிருந்து கசியும் என்ற கவலையே அதற்குக் காரணம். மார்த்தாஸ் வினியார்ட் தீவில் உயர்நிலைப் பள்ளி மைதானம் ஒன்றுக்காக ஆண்டுக்கணக்கில் வழக்கு வரை போனார்கள்; தீவு முழுவதும் ஒரே நிலத்தடி நீர்த்தேக்கத்தை நம்பியிருப்பதால் அங்கே அச்சம் அதிகம். கலிபோர்னியாவில் செயற்கைப் புல்லைத் தடைசெய்யும் அதிகாரத்தை நகரங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் 2023-ல் வந்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் நுண்நெகிழிகள் பற்றிய விதியைக் கொண்டுவந்து, தரையில் கொட்டும் ரப்பர் மணிகளின் விற்பனையை 2031 அக்டோபரிலிருந்து நிறுத்துகிறது. ஒரு முழு மைதானத்தில் ஏறத்தாழ 100 டன் ரப்பர் மணி கிடக்கும். அது குழந்தைகளின் காலுறையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதை நான் வாரந்தோறும் துணி துவைக்கும்போது பார்க்கிறேன். மழையில் அடித்துக்கொண்டு சாக்கடைக்குப் போவதை யார் பார்க்கிறார்கள்?

பழைய டயரை அரைத்துச் செய்த அந்த மணியால் புற்றுநோய் வரும் என்று யாராவது கூட்டத்தில் சொன்னால், தயவுசெய்து நீங்கள் அதை வழிமொழிய வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019-லும் 2024-லும் இரண்டு பகுதிகளாக அறிக்கை வெளியிட்டது. ரப்பரில் பல வேதிப்பொருள்கள் இருக்கின்றன, ஆனால் ஆடுபவர்களின் உடலுக்குள் சேரும் அளவு குறைவாகவே தெரிகிறது என்றுதான் அதில் இருக்கிறது. அதே சமயம், இது ஆபத்தை மதிப்பிடும் அறிக்கை அன்று என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். எனவே பயமுறுத்தவும் வேண்டாம், பயமே இல்லை என்று சான்றிதழ் கொடுக்கவும் வேண்டாம்.

நண்பருக்குக் காட்டுவதற்கு இன்னொரு உதாரணம் இருக்கிறது. எங்கள் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரம் தன் புல் மைதானங்களை இயற்கை உரம், மண் பரிசோதனை, காற்றோட்டத்துக்காகத் தரையைக் குத்திவிடுதல் ஆகியவற்றைக் கொண்டே பராமரித்துவருகிறது. அதைப் பற்றி லோவெல் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் நச்சுப்பொருள் குறைப்பு நிறுவனம் விரிவாக எழுதியிருக்கிறது. பணக்கார ஊர் அன்று அது, செய்ய முடிகிறது.

வேர் எழுதியது:

பேசியவர்கள் எல்லோரும் தரையின் மேல்பக்கத்தைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். மைதானங்கள் அமைப்பதில் சில காலம் வேலை செய்தவன் என்பதால் நான் அடிப்பக்கத்தைச் சொல்கிறேன். உங்கள் மைதானத்தில் தவளை கத்துவதற்குக் காரணம் புல் இல்லாதது அன்று. நீர் போக வழி இல்லாதது. அதைச் சரிசெய்யாமல் மேலே எதை விரித்தாலும் வீண்.

நீளவாக்கில் மைதானத்தின் நடுப்பகுதியை உயர்த்தி இரு பக்கமும் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு கொடுங்கள். 55 மீட்டர் அகலத்துக்கு, நடுப்பகுதி ஓரத்தைவிடச் சுமார் 27 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். ஆடுபவர் கண்ணுக்கு அது தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ஓரங்களில் வடிகால் வெட்டி, அதை ஒரு மழைநீர்த் தொட்டியிலோ பழைய கிணற்றிலோ கொண்டுபோய் விடுங்கள். மேல்மண் களியாக இருந்தால் மணலும் மட்கிய எருவும் கலந்து ஒரு சாணாவது போட வேண்டும். காவிரிக்கரை ஊரில் இருந்துகொண்டு ஆற்றுமணல் கிடைக்காமல் எம்-சாண்ட் வாங்கிக் கழுவிக் கொட்ட வேண்டியிருப்பது நம் காலத்தின் கூத்து. கழுவாமல் கொட்டினால் அதிலுள்ள பொடி நீரை இறங்க விடாமல் அடைத்துக்கொள்ளும்.

புல் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். நர்சரியில் கேட்டால் கொரியன் புல்லைக் காட்டுவார்கள். பார்க்க மெத்தைபோல இருக்கும், ஆனால் ஒருமுறை தேய்ந்தால் மறுபடி வளர்ந்து மூட வெகுநாள் பிடிக்கும். பங்களா வாசலுக்குத்தான் அது சரி. உலகம் முழுவதும் வெப்ப நாட்டு மைதானங்களில் ஓடியாடும் புல், பெர்முடா என்ற பெயரில் விற்கும் நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாற்றும் அதே புல். 'அருகுபோல் வேரூன்றி' என்று வாழ்த்துவதற்குக் காரணம் இருக்கிறது: மண்ணுக்கு மேலும் கொடி ஓடும், மண்ணுக்குக் கீழும் தண்டு ஓடும், மேலே மிதித்துக் கிழித்தாலும் கீழேயிருந்து ஏறி வரும். 35 பாகை வெயிலில் மற்றப் புற்கள் சோரும்போது இது தழைக்கும். மைதானங்களுக்கென்று 1960-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வெளியிட்ட டிஃப்வே 419 என்ற கலப்பின வகை இன்னும் நெருக்கமாகப் படரும். அதற்கு விதை கிடையாது, தண்டுத் துண்டுகளைத்தான் நட வேண்டும். அருகுக்கு ஆகாத ஒன்று நிழல். மேற்குப் பக்கம் புளியமரம் இருக்கிறது என்றால் அதன் நிழல் விழும் பட்டையில் புல் நிற்காது. மரத்தை வெட்டாதீர்கள், கோட்டை நகர்த்துங்கள்.

இனித் தண்ணீர். செயற்கைத் தரைக் கட்சியின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. அதை யாரும் சரியாகப் பேசவில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். உங்கள் 4,950 சதுர மீட்டருக்குக் கடுங்கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் 24,750 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரி இரண்டு, தினமும். வேரூன்றிய பிறகு தினமும் ஊற்ற வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஆழமாக விட்டால் வேர் கீழே இறங்கும், பொன்னிறமாக வாடினாலும் அருகு சாகாது. அப்படிச் சிக்கனமாகப் பார்த்தாலும் பள்ளிக்குச் சொந்தமாக ஒரு ஆழ்துளைக் கிணறோ, விடுதியின் குளியல் நீரை வடிகட்டித் தரும் தொட்டியோ இல்லையென்றால், புல் கட்சியினர் கூட்டத்துக்கே வரக்கூடாது என்பேன். குடிநீர் இயந்திரத்திலிருந்து கழியும் உப்பு நீரை மட்டும் தொடர்ந்து விட்டுவிடாதீர்கள், மண் கெட்டுப்போகும்.

தேய்மானத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு முழு மைதானம் வேண்டியதில்லை. நகர்த்தக்கூடிய இலகுவான கோல் கம்பங்களை வைத்துக்கொண்டு, எழுவர் ஆட்டத்துக்கான குட்டிக் களங்களைக் குறுக்குவாட்டில் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். கோல் முன்பகுதி மட்டும் மொட்டையாவது அதனால்தான் குறையும். உங்கள் கணக்கு வாரத்துக்கு ஆறு நாள் என்றால் இருபத்தைந்து மணி நேரத்துக்குச் சற்று மேலே வருகிறது. கோவைக்காரர் சொன்ன எல்லையில் சரியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். மழைநாளில் இரண்டு மூன்று பயிற்சிகளை விட்டுக்கொடுத்தால் புல் தாங்கும்.

உறையூர்க்காரன் எழுதியது:

நான்கு பேருக்கும் என் நன்றி. விசில் ஐயா கேட்ட கேள்வியைப் பள்ளியில் கேட்டேன். பூட்ஸ் வைத்திருப்பவர்கள் பாதிக்கும் குறைவு. இதை முதலிலேயே எழுதாமல் விட்டது என் தவறு. எனக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை, நாங்களும் வெறுங்காலோடு ஆடியவர்கள்தானே. ஆழ்துளைக் கிணறு ஒன்று இருக்கிறது, வைகாசியில் கூட வற்றியதில்லை என்கிறார் காவலாளி. தண்ணீரின் உப்பை இன்னும் சோதிக்கவில்லை.

நண்பரிடம் நேற்றிரவு பேசினேன். அவர் முழுவதும் இறங்கிவரவில்லை. புல்லுக்குச் சம்மதம், ஆனால் புல் வெட்டவும் தண்ணீர் விடவும் ஒரு ஆளுக்கு ஐந்து வருடச் சம்பளத்தை வங்கியில் போட்டுவைத்துக் காட்டினால்தான் பணம் அனுப்புவேன் என்கிறார். கோபத்தில் சொன்னார், ஆனால் நியாயமாகப் படுகிறது. ஒரு மூலையில் சிறியதாகச் செயற்கைத் தரையும் போடலாமே என்று இன்னொருவர் கேட்கிறார். நடவுக்கு எது சரியான மாதம் என்பதையும் சொல்லுங்கள்.

வேர் எழுதியது:

மூலையில் செயற்கைத் தரை போடுவதென்றால், மாலையில் கட்டடத்தின் நிழல் விழும் இடமாகப் பாருங்கள். புல் வளராத இடமும் அதுதான், தரை சுடாத இடமும் அதுதான். ரப்பர் மணிக்குப் பதிலாகத் தென்னை நாரும் தக்கையும் கலந்த நிரப்பு ஐரோப்பாவில் பழக்கத்தில் இருக்கிறது. பொள்ளாச்சியில் நார்க்கழிவு மலைபோல் குவிந்திருக்கும் நாட்டில் அதைப் பற்றி விசாரிக்காமல் விடாதீர்கள். அது குளிர்ச்சியாக இருக்க அவ்வப்போது ஈரம் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மண்வேலையைக் கோடை விடுமுறையில் முடித்துவிட்டு, வைகாசிக் கடைசியில் தண்டுகளை நடுங்கள். வெயிலும் தண்ணீரும் சேர்ந்தால் இரண்டரை மூன்று மாதத்தில் தரை மூடும், ஐப்பசி மழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். அதுவரை பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது, பயிற்சிக்கு வேறு இடம் பார்த்துவைக்க வேண்டும். உங்கள் நண்பர் கேட்ட ஆள் விஷயத்தில் அவர் பக்கம்தான் நானும். புல்லுக்கு வரும் பணத்தில் முதல் பங்கை அந்த ஆளுக்கு ஒதுக்குங்கள்.

விசில் எழுதியது:

ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ஆண்டு விழாவுக்குப் பந்தல்கால் நடுவதும், விருந்தினர் கார்களை நிறுத்துவதும் அந்த மைதானத்தில்தான் நடக்கும். என் பள்ளியில் நாங்கள் வளர்த்த புல்லைக் கொன்றது வெயிலும் அன்று, ஆட்டமும் அன்று. ஒரே இரவில் வந்து நின்ற நாற்பது கார்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால், கார் நிறுத்த வேறு இடம் எது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.